உங்கள் எஸ்.ஐ.பி. பணத்தோடு போகும் ஓட்டு

2021 ஆகஸ்ட் 17 அன்று ஐஷர் மோட்டார்ஸின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் புல்லட் வண்டிகள் செய்யும் ராயல் என்ஃபீல்டு இந்த நிறுவனத்தினுடையதுதான். நிர்வாக இயக்குநர் சித்தார்த்த லாலை மேலும் 5 ஆண்டுகளுக்கு நியமிக்கவும் அவருடைய சம்பளத்தை நிர்ணயிக்கவும் ஒரு சிறப்புத் தீர்மானம் வந்தது. கம்பெனியைக் கட்டுப்படுத்தும் புரமோட்டர் தரப்பிடம் சுமார் 49 சதவீதப் பங்கு இருந்தது. பதிவான ஓட்டில் 73.17 சதவீதம் ஆதரவு. தேவைப்பட்டதோ 75. தீர்மானம் தோற்றது.

தோற்கடித்தவர்கள், பலரிடம் திரட்டிய பணத்தை முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டுகளும் வெளிநாட்டு நிதி நிறுவனங்களும் அடங்கிய நிறுவன முதலீட்டாளர்கள். லால் மீது அவர்களுக்கு வருத்தமில்லை, சம்பள உச்சவரம்பு மேல்தான் வருத்தம். சில நாட்களிலேயே போர்டு மறுபடி கூடியது. நிறுவன லாபத்தில் 3 சதவீதம் வரை போகலாம் என்றிருந்த வரம்பை 1.5 சதவீதமாகப் பாதியாக்கி, தீர்மானத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. இந்த முறை நிறைவேறியது.

மாதாமாதம் தவணையாக ஃபண்டில் பணம் போடும் முறைதான் எஸ்.ஐ.பி. மாதம் 2,000, 5,000 என்று அப்படிப் போடுகிறவர்களில் எத்தனையோ பேருடைய பணம் அந்த எதிர்ப்பு ஓட்டுக்குள் இருந்திருக்கும். அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. பிறர் பணத்தை நிர்வகிக்கும் தொழில் எப்படி நாட்டின் பெரிய கம்பெனிகள் மேல் செல்வாக்கு உள்ள தொழிலாக வளர்ந்தது, அந்தச் செல்வாக்கு எங்கே வேலை செய்கிறது, எங்கே கோளாறாகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

5,000 ரூபாய் போகும் வழி

மாதம் 5-ஆம் தேதி உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து 5,000 ரூபாய் கழிகிறது. அதில் 0.005 சதவீதம் முத்திரைத் தீர்வை, அதாவது 25 பைசா. மீதி 4,999.75 ரூபாய்க்கு அன்றைய என்.ஏ.வி. விலையில், அதாவது ஃபண்டின் ஒரு யூனிட்டுக்கு அன்று உள்ள மதிப்பில், யூனிட்டுகள் ஒதுக்கப்படும். ஸ்டேட்மென்ட்டில் இந்த விநோதமான எண்ணைப் பார்த்துக் குழம்பியவர்கள் நிறையப் பேர்.

இதற்குப் பின்னால் நான்கைந்து தரப்புகள் இருக்கின்றன. ஃபண்டைத் தொடங்கும் ஸ்பான்சர், பெரும்பாலும் ஒரு வங்கியோ நிதிக் குழுமமோ. சட்டப்படி மியூச்சுவல் ஃபண்ட் என்பது ஒரு டிரஸ்ட், அதைக் கண்காணிப்பவர்கள் டிரஸ்டீக்கள். எந்தப் பங்கை வாங்குவது, எதை விற்பது என்று முடிவெடுப்பது ஏ.எம்.சி. எனப்படும் நிர்வாக நிறுவனம். வாங்கிய பங்குகளைப் பாதுகாப்பவர் கஸ்டோடியன். உங்கள் யூனிட் கணக்கை எழுதி வைப்பவர் ரெஜிஸ்ட்ரார். இந்தியாவின் மிகப் பெரிய ஃபண்ட் ரெஜிஸ்ட்ராரான கேம்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது.

இப்படிப் பிரித்து வைத்திருப்பதில் ஒரு நன்மை உண்டு. ஏ.எம்.சி. நொடித்துப்போனாலும் உங்கள் பணத்தை அதற்குக் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாது, ஏனென்றால் பங்குகள் ஏ.எம்.சி.யின் சொத்து அல்ல. ஆனால் உங்கள் சொத்தும் நேரடியாக அல்ல. கம்பெனியின் பங்குதாரர் பதிவேட்டில் இருப்பது டிரஸ்டின் பெயர். உங்களிடம் இருப்பது யூனிட். ஏற்ற இறக்கம் முழுவதும் உங்களுக்கு, பங்கோடு வரும் ஓட்டுரிமை ஏ.எம்.சி.க்கு. வக்கீலிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போலத்தான் இது. ஒரு வித்தியாசம், இங்கே கட்சிக்காரருக்கு வழக்கு நடப்பதே தெரியாது.

எப்படி இவ்வளவு பெருத்தது

1964-இல் அரசு நிறுவனமான யூ.டி.ஐ. தொடங்கியபோது இந்தத் துறையில் அது மட்டும்தான். 1987-இல் பொதுத்துறை வங்கிகள் வந்தன. 1993-இல் தனியாருக்குக் கதவு திறந்தது. முதலில் நுழைந்த கோத்தாரி பயனியர் சென்னையைச் சேர்ந்தது, பின்னாளில் அது ஃபிராங்க்ளின் டெம்பிள்டனோடு இணைந்தது. இன்றுவரை அஸ்திவாரமாக இருக்கும் விதிமுறைகள் பெரும்பாலும் 1996-இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வகுத்தவற்றிலிருந்து வந்தவை. 2001 ஜூலையில் யூ.டி.ஐ.யின் யு.எஸ்.-64 திட்டத்தில் பணம் எடுப்பது ஆறு மாதத்துக்கு நிறுத்தப்பட்டபோது, அரசு நிறுவனம் என்ற நம்பிக்கையில் ஓய்வூதியப் பணத்தைப் போட்டிருந்த குடும்பங்கள் திகைத்து நின்றன. அந்தத் தலைமுறைக்கு ஃபண்ட் என்றாலே ஒரு கசப்பு ஏற்பட்டதற்கு அது முக்கியக் காரணம்.

திரும்பி வந்த வேகம் வேறு மாதிரி. 2014 மே மாதத்தில்தான் துறை நிர்வகிக்கும் மொத்தத் தொகை 10 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. 2025 மார்ச் முடிவில் அது 65.74 லட்சம் கோடி. மாத எஸ்.ஐ.பி. வரவு 2016 ஏப்ரலில் 3,122 கோடி. 2024 அக்டோபரில் 25,323 கோடி. வங்கி வட்டி இறங்கியது, தங்கத்தையும் மனையையும் மட்டும் நம்பியிருந்த பணம் வேறு இடம் தேடியது, ஆதார் வழி கே.ஒய்.சி. வந்தது, மொபைலில் ஐந்து நிமிடத்தில் கணக்குத் தொடங்க முடிந்தது. ‘மியூச்சுவல் ஃபண்ட்ஸ் சஹி ஹை’ விளம்பரமும் சேர்ந்துகொண்டது.

விருப்பப்பட்டுப் போட்ட பணம் மட்டுமல்ல இது. 2015 ஆகஸ்டிலிருந்து, தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியை நடத்தும் இ.பி.எஃப். நிறுவனம் தன் புது வரவில் ஒரு பகுதியைப் பங்குச் சந்தையில், பங்கு போலவே வாங்கி விற்கக்கூடிய ஃபண்டான ஈ.டி.எஃப். வழியாகப் போடுகிறது. முதல் ஆண்டு 5 சதவீதம், அடுத்து 10, பிறகு 15. அந்த ஈ.டி.எஃப்.களை நடத்துவது எஸ்.பி.ஐ., யூ.டி.ஐ. போன்ற ஃபண்ட் நிறுவனங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பி.எஃப். பிடித்தம் உள்ள ஒரு தையல்காரர், பங்கு என்ற சொல்லையே கேட்டிராதவராக இருக்கலாம். அவருடைய சேமிப்பும் சந்தைக் குறியீடான நிஃப்டியின் 50 கம்பெனிகளில் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பங்குகளின் ஓட்டையும் ஃபண்ட் நிறுவனமே போடுகிறது.

2025 மார்ச் முடிவில் ஒரு திருப்பம் நடந்தது. ஃபண்டுகள், எல்.ஐ.சி. உள்ளிட்ட காப்பீட்டு நிறுவனங்கள், பென்ஷன் நிதிகள் ஆகிய உள்நாட்டு நிறுவன முதலீட்டாளர்கள் சந்தையில் வைத்திருந்த பங்கு, வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்களின் பங்கை முந்தியது. மியூச்சுவல் ஃபண்டுகளின் பங்கு மட்டும் 10 சதவீதத்தைத் தாண்டியது. சந்தையில் இதன் பலன் அதற்கு முன்பே தெரிந்தது. 2024 அக்டோபரில் வெளிநாட்டவர் 90,000 கோடி ரூபாய்க்கும் மேல் விற்றுத் தள்ளினார்கள். உள்நாட்டு நிறுவனங்கள் கிட்டத்தட்ட அத்தனையையும் வாங்கிக்கொண்டன. நிஃப்டி 6 சதவீதம் போல இறங்கியது. 2008-இல் இதைவிடக் குறைவான விற்பனைக்கே சந்தை குப்புற விழுந்தது.

ஓட்டு எண்ணும் கணக்கு

அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது இந்தக் கணக்கில்தான் தெரியும், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் பெரிய கம்பெனிகளின் பங்குகள் பலரிடம் சிதறிக் கிடக்கும். இந்தியாவில் அப்படி இல்லை. பெரும்பாலான கம்பெனிகளில் புரமோட்டர் குடும்பமோ தாய் நிறுவனமோ பாதிக்குப் பக்கமாக வைத்திருக்கும். சாதாரணத் தீர்மானத்துக்குப் பதிவான ஓட்டில் பாதிக்கு மேல் கிடைத்தால் போதும் என்பதால், அங்கே ஃபண்டுகள் எதிர்த்தாலும் பெரும்பாலும் பயனில்லை. அவர்கள் கை ஓங்குவது இரண்டு இடங்களில்.

முதலாவது சிறப்புத் தீர்மானம். ஆதரவு ஓட்டு, எதிர்ப்பு ஓட்டைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும், அதாவது 75 சதவீதம். ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். புரமோட்டர் 50 சதவீதம், மியூச்சுவல் ஃபண்டுகள் 15, வெளிநாட்டு நிறுவனங்கள் 15, காப்பீட்டு நிறுவனங்கள் 5, பொதுமக்கள் 15. நிறுவனங்கள் எல்லாம் ஓட்டுப் போடுகின்றன. பொதுமக்களில் 2 சதவீதப் பங்குக்கு மட்டும் ஓட்டு விழுகிறது. நடைமுறையிலும் சில்லறை முதலீட்டாளர் பெரும்பாலும் மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை. மொத்தம் பதிவானது 87. அதில் கால்வாசி 21.75. இதற்கு மேல் எதிர்ப்பு விழுந்தால் தீர்மானம் செத்தது. ஃபண்டுகள் மொத்தமும் வெளிநாட்டவரில் பாதியும் சேர்ந்தாலே 22.5 ஆகிவிடும். 50 சதவீதம் வைத்திருக்கும் முதலாளி தோற்றுப்போவார். ஐஷரில் நடந்தது இந்தக் கணக்குதான்.

இரண்டாவது, தொடர்புடைய தரப்போடு செய்யும் பெரிய பரிவர்த்தனைகள். கம்பெனி தன் தாய் நிறுவனத்தின் பெயரையும் தொழில்நுட்பத்தையும் பயன்படுத்துவதற்கு ராயல்டி கொடுப்பது, புரமோட்டரின் வேறொரு கம்பெனியிடம் சரக்கு வாங்குவது போன்றவை. இதற்கு சாதாரணத் தீர்மானம் போதும், ஆனால் தொடர்புடைய தரப்பு ஆதரவாக ஓட்டுப் போடக் கூடாது என்பது செபியின் விதி. மேலே சொன்ன கம்பெனியில் 50-ஐ எடுத்துவிட்டால் மிச்சம் 37. பாதி 18.5. ஃபண்டுகளிடமே 15 இருக்கிறது.

நெஸ்லே இந்தியாவில் இது அப்படியே நடந்தது. சுவிட்சர்லாந்தில் உள்ள தாய் நிறுவனம் 62 சதவீதத்துக்கும் மேல் வைத்திருக்கிறது. ஆண்டு விற்பனையில் 4.5 சதவீதமாக இருந்த ராயல்டியை, வருடத்துக்கு 0.15 வீதம் ஐந்து ஆண்டுகளில் 5.25 சதவீதமாக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 2024 மே மாதம் வந்த முடிவில் சுமார் 57 சதவீத ஓட்டு எதிராக விழுந்தது. தாய் நிறுவனம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதாயிற்று. பிறகு பழைய 4.5 சதவீதத்தையே தொடர்வதற்கு ஒப்புதல் கேட்டு வாங்கினார்கள். முக்கால் சதவீதம் சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் அது லாபத்தில் அல்ல, விற்பனையில். மேகி பாக்கெட் விற்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 75 பைசா கூடுதலாக வெளிநாட்டுக்குப் போயிருக்கும்.

ஓட்டு தவிர இன்னொரு வழியும் இருக்கிறது. பங்கு வெளியீட்டுக்கு முதல்நாள், முன்கூட்டியே பெரிய அளவில் வாங்கும் ஆங்கர் முதலீட்டாளராக யார் வருகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் விண்ணப்பிப்பார்கள். பெரிய ஃபண்டுகள் ‘இந்த விலை அதிகம்’ என்று ஒதுங்கினால், வெளியீட்டின் விலையே இறங்கும், சில நேரம் வெளியீடே தள்ளிப்போகும். எந்தத் தொழிலுக்கு மூலதனம் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பதில் இவர்களுடைய கணக்கு முக்கியமாகிவிட்டது.

ஏ.எம்.சி.க்குள் யார் முடிவெடுக்கிறார்கள்

2010 வரை ஃபண்டுகள் எப்படி ஓட்டுப் போட்டன என்பதை வெளியே சொல்ல வேண்டியதே இல்லை. அந்த ஆண்டு மார்ச்சில் செபி வெளியிடச் சொன்னது. அதற்குப் பின்பும் பல ஃபண்டுகள் ‘வாக்களிக்கவில்லை’ என்று போட்டு நழுவிக்கொண்டிருந்தன. முதலாளியைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம், ஆமாம் போட்ட பழியும் வேண்டாம். இந்த நழுவலுக்கு முடிவு கட்டியது 2021 மார்ச் சுற்றறிக்கை. 2021 ஏப்ரல் முதல் முக்கியமான சில வகைத் தீர்மானங்களுக்கும், 2022 ஏப்ரல் முதல் எல்லாத் தீர்மானங்களுக்கும் ஓட்டுப் போடுவது கட்டாயம். ஐஷர் தீர்மானம் தோற்றது இந்த விதி வந்த சில மாதங்களில் என்பதைக் கவனிக்க வேண்டும். ஓட்டெடுப்பு நாளில் அந்தப் பங்கே கையில் இல்லாவிட்டால் விலக்கு உண்டு.

நடைமுறை இப்படி இருக்கும். பொதுக்கூட்ட அறிவிப்பு 21 நாள் முன்னதாக வரும். ஆய்வுக் குழு படித்துப் பார்க்கும். ஐ.ஐ.ஏ.எஸ்., இன்கவர்ன், எஸ்.இ.எஸ். போன்ற ஓட்டு ஆலோசனை நிறுவனங்களின் பரிந்துரையும் வரும். ஃபண்ட் மேனேஜர்களின் கருத்தைக் கேட்டு உள்குழு முடிவெடுக்கும். வழக்கமாக எல்லாத் திட்டங்களுக்கும் சேர்த்து ஒரே ஓட்டு. மேனேஜர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தால் திட்டவாரியாகவும் போடலாம், காரணத்தை எழுதி வைக்க வேண்டும். மின்னணு ஓட்டெடுப்பு குறைந்தது மூன்று நாள் திறந்திருந்து, கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு முடியும்.

கோளாறு வரும் இடங்கள் பல. எல்லாரும் ஒரே நேரத்தில் கூட்டம் நடத்துவது ஒன்று. மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனிகள் செப்டம்பர் 30-க்குள் கூட்டம் நடத்தியாக வேண்டும் என்பதால் ஜூலை முதல் செப்டம்பர் வரை தீர்மானங்கள் மூட்டை மூட்டையாக வந்து விழும். நாலைந்து பேர் கொண்ட குழு பல நூறு கம்பெனிகளைப் படிக்க வேண்டும். அந்த நெரிசலில் ஆலோசனை நிறுவனம் சொன்னதை அப்படியே ஒட்டுவது எளிது.

இதைவிடச் சங்கடமானது வேறொன்று. பெரிய கம்பெனிகள் தங்கள் கையிருப்பு ரொக்கத்தை, சீக்கிரம் திரும்ப எடுக்கக்கூடிய லிக்விட் ஃபண்டுகளில் நூறு கோடி, ஆயிரம் கோடி என்று போட்டு வைக்கும். அந்தக் கம்பெனி ஏ.எம்.சி.யின் வாடிக்கையாளர். அதே ஏ.எம்.சி.யின் ஈக்விட்டி ஃபண்ட், அதாவது பங்குகளில் போடும் ஃபண்ட், அதே கம்பெனியின் முதலாளி சம்பளத்தை எதிர்த்து ஓட்டுப் போட வேண்டும். ஸ்பான்சர் வங்கியாக இருந்தால் அந்த வங்கி கம்பெனிக்குக் கடனும் கொடுத்திருக்கும். யூனிட்தாரர் நலன் தவிர வேறு எதற்கும் வளையாமல் ஓட்டுப் போட்டதாக மேனேஜர்கள் காலாண்டுக்கு ஒருமுறை டிரஸ்டீக்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான் வந்தது. காகிதத்தில் கையெழுத்து வாங்குவது எவ்வளவு தூரம் காக்கும் என்பது வேறு கேள்வி.

ஃபண்டுகளின் ஓட்டும் சின்ன முதலீட்டாளரின் ஓட்டும் ஒரே பக்கம்தான் விழும் என்று நினைத்துவிடக் கூடாது. 2024 மார்ச்சில் ஐ.சி.ஐ.சி.ஐ. செக்யூரிட்டீஸை சந்தைப் பட்டியலிலிருந்து நீக்கி, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிக்கே முழுச் சொந்தமான துணை நிறுவனமாக்கும் திட்டம் ஓட்டுக்கு வந்தது. நிறுவன முதலீட்டாளர்களில் பெரும்பகுதி ஆதரவு. சில்லறை முதலீட்டாளர்களில் பெரும்பகுதி எதிர்ப்பு, கிடைக்கும் வங்கிப் பங்கின் விகிதம் போதாது என்று. நிறுவனங்களின் எடை அதிகம், திட்டம் நிறைவேறியது. குவான்டம் மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் ஆட்சேபித்தது.

அமெரிக்காவில் இது எங்கே போய் நிற்கிறது

அங்கே பிளாக்ராக், வான்கார்டு, ஸ்டேட் ஸ்ட்ரீட் என்ற மூன்று ஃபண்ட் நிறுவனங்கள். வான்கார்டை 1975-இல் தொடங்கிய ஜான் போகல், அடுத்த ஆண்டு சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் இன்டெக்ஸ் ஃபண்டை முதன்முதலாகச் சாதாரண மக்களுக்குக் கொண்டுவந்தார். கட்டணம் குறைந்தது, பணம் குவிந்தது, குவிந்த பணத்தோடு ஓட்டும் குவிந்தது. பிளாக்ராக் மட்டும் 2024 முடிவில் 11.5 லட்சம் கோடி டாலரை நிர்வகித்தது. பெரும்பாலான பெரிய அமெரிக்கக் கம்பெனிகளில் பங்குதாரர் பட்டியலின் தலையில் இந்த மூவரும் இருப்பார்கள்.

2021 மே மாதம் இதன் பலம் வெளிப்பட்டது. எக்ஸான் மொபில் எண்ணெய் நிறுவனத்தில் வெறும் 0.02 சதவீதம் வைத்திருந்த எஞ்சின் நம்பர் 1 என்ற சின்ன முதலீட்டு நிறுவனம், பருவநிலை மாற்றத்துக்கு நிர்வாகம் தயாராகவில்லை என்று சொல்லி போர்டுக்குத் தன் ஆட்களை நிறுத்தியது. 12 இடங்களில் 3 கிடைத்தன. மேற்சொன்ன மூவரும் அந்த வேட்பாளர்களில் சிலருக்கு ஓட்டுப் போட்டதால் நடந்தது அது.

பிறகு காற்று திரும்பியது. எண்ணெய் வருமானத்தில் வாழும் மாநில அரசுகள் கோபப்பட்டன. 2024 மார்ச்சில் டெக்சாஸின் பள்ளிக்கல்வி நிதி 850 கோடி டாலரை பிளாக்ராக்கிடமிருந்து எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. சுற்றுச்சூழல், சமூகம் சார்ந்த பங்குதாரர் தீர்மானங்களில் 2021-இல் 47 சதவீதத்துக்கு ஆதரவளித்த பிளாக்ராக், 2024-இல் 4 சதவீதத்துக்குத்தான் அளித்தது. யூனிட்தாரர்கள் மூன்றே ஆண்டில் மனம் மாறிவிட்டார்களா? அவர்களைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை. சில வகை முதலீட்டாளர்களுக்கு ஓட்டை எப்படிப் போடுவது என்று தேர்ந்தெடுக்கும் வசதியை அந்த நிறுவனம் 2022 முதல் கொடுக்கத் தொடங்கியது. இந்தியச் சில்லறை யூனிட்தாரருக்கு அப்படியொரு வசதி இல்லை.

இந்தியாவில் ஒரு தடுப்பு இருக்கிறது. ஒரு ஃபண்ட் நிறுவனம் தன் எல்லாத் திட்டங்களையும் சேர்த்து, ஒரு கம்பெனியின் ஓட்டுரிமைப் பங்கில் 10 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது.

பெரிதாவதால் வரும் வேறு சிக்கல்

பணம் வரும்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் திருப்பிக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஏப்ரல் 23 சாட்சி. ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் தன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடுவதாக அறிவித்தது. சுமார் 25,000 கோடி ரூபாய், மூன்று லட்சம் முதலீட்டாளர்கள். தரம் குறைந்த கடன் பத்திரங்களை அதிகம் வாங்கிக் கூடுதல் வட்டி கொடுத்த திட்டங்கள் அவை. கொரோனா ஊரடங்கில் எல்லாரும் பணம் கேட்டபோது அந்தப் பத்திரங்களை வாங்க சந்தையில் ஆளில்லை. பீதி மற்ற ஃபண்டுகளுக்குப் பரவாமலிருக்க ரிசர்வ் வங்கி நான்கே நாளில் 50,000 கோடி ரூபாய்க்குத் தனிக் கடன் வசதி அறிவித்தது. தனியார் ஏ.எம்.சி. எடுத்த ஒரு முடிவு நாட்டின் மத்திய வங்கியை இறங்க வைத்தது என்றால், இந்தத் துறையின் கனம் புரியும்.

முதலீட்டாளரைக் கேட்காமல் மூடலாமா என்று வழக்கு நடந்தது. யூனிட்தாரர்களில் பெரும்பான்மையின் சம்மதம் வேண்டும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2020 அக்டோபரில் சொன்னது, உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எஸ்.பி.ஐ. ஃபண்ட் நிறுவனம் பத்திரங்களை விற்றுப் பங்கு பிரித்துக் கொடுத்தது. மூடிய நாளின் மதிப்பைவிடக் கூடுதலாகவே மொத்தத்தில் திரும்பி வந்தது. ஆனால் அவசரத்துக்கு எடுக்கலாம் என்று நம்பிப் போட்டவருக்குத் தவணை தவணையாக, வருடக்கணக்கில் வந்தது.

ஈக்விட்டியில் இதே சிக்கல் ஸ்மால்கேப் ஃபண்டுகளில் இருக்கிறது. சின்னக் கம்பெனிகளின் பங்குகள் தினமும் கொஞ்சம்தான் கைமாறும். பணமோ வெள்ளமாக வருகிறது. 2023 ஜூலையில் சில பெரிய ஸ்மால்கேப் ஃபண்டுகள் மொத்தமாகப் போடும் தொகையை வாங்குவதையே நிறுத்தின. 2024 மார்ச் முதல் ஒவ்வொரு மிட்கேப் (நடுத்தரக் கம்பெனிகளுக்கானது), ஸ்மால்கேப் ஃபண்டும் தன் இருப்பில் 25 சதவீதத்தையும் 50 சதவீதத்தையும் விற்க எத்தனை நாள் ஆகும் என்று மாதாமாதம் வெளியிடுகிறது. உங்கள் ஃபண்டின் எண் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனால் அது உடம்பு பெருத்துவிட்டது என்று அர்த்தம்.

நீங்கள் பார்க்கக்கூடியவை

உங்கள் ஏ.எம்.சி.யின் இணையதளத்தில் சட்டப்பூர்வ அறிவிப்புகள் என்ற பகுதிக்குப் போங்கள். பெரும்பாலும் பக்கத்தின் அடியில் ஒளித்து வைத்திருப்பார்கள். அதில் ஓட்டு விவரம் என்ற தலைப்பில் காலாண்டு வாரியாக எக்செல் கோப்புகள் இருக்கும். காலாண்டு முடிந்து 10 வேலை நாட்களுக்குள் ஏற்ற வேண்டும் என்பது விதி. கூட்டத் தேதி, கம்பெனி, தீர்மானத்தைக் கொண்டுவந்தது நிர்வாகமா பங்குதாரரா, நிர்வாகத்தின் பரிந்துரை, ஃபண்டின் ஓட்டு, காரணம் என்று பத்திகள் வரிசையாக இருக்கும்.

முதலில் எதிர்ப்பு ஓட்டுகளை மட்டும் வடிகட்டுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் சந்தேகப்படலாம். அடுத்து காரணப் பத்தி. ‘சட்டத்துக்கு உட்பட்டது, ஆட்சேபணை இல்லை’ என்ற ஒரே வாக்கியம் 200 வரிக்கும் ஒட்டப்பட்டிருந்தால் யாரும் படிக்கவில்லை என்றே கொள்ளலாம். சம்பளம் லாபத்தைவிட வேகமாக ஏறியிருக்கிறது, சுயேச்சை இயக்குநர் போர்டு கூட்டங்களுக்கு வரவே இல்லை என்பது போல எண்ணோடும் விவரத்தோடும் எழுதியிருந்தால் வேலை நடக்கிறது. நாலைந்து ஃபண்டுகளின் கோப்புகளைப் பக்கத்தில் வைத்து, ஒரே கம்பெனியின் ஒரே தீர்மானத்தைத் தேடிப் பார்த்தால் யார் யார் எப்படி என்பது அரை மணி நேரத்தில் விளங்கிவிடும்.

மறுபக்கத்தைக் கம்பெனியின் அறிவிப்பில் பார்க்கலாம். ஓட்டெடுப்பு முடிந்து இரண்டு வேலை நாட்களுக்குள் முடிவு என்.எஸ்.இ., பி.எஸ்.இ. தளங்களில் வந்தாக வேண்டும். புரமோட்டர், நிறுவன முதலீட்டாளர்கள், மற்றப் பொதுமக்கள் என்று மூன்று வரிசை. மொத்த முடிவைப் பார்க்காமல் நடுவரிசையைப் பாருங்கள். 90 சதவீத ஆதரவோடு நிறைவேறிய தீர்மானத்தில் நிறுவனங்களில் பாதி எதிர்த்திருப்பது அங்கேதான் தெரியும். அடுத்த ஆண்டு அந்த நிர்வாகம் பணிந்து வருவதற்கு அந்த ஒரு எண் போதும்.

கட்டணத்தையும் விட்டுவிடக் கூடாது, இந்த வேலைக்கெல்லாம் கூலி அதிலிருந்துதான் போகிறது. ஆண்டுக்கு 1.5 சதவீதக் கட்டணம் என்றால் 5,000 ரூபாய்க்குத் தினமும் 20 பைசா போல என்.ஏ.வி.யிலேயே கழிந்துவிடும், ரசீது வராது. நிர்வகிக்கும் தொகை கூடக் கூடக் கட்டணச் சதவீதம் குறைய வேண்டும் என்பது விதி. 2019 ஏப்ரலில் வந்த அட்டவணையில் ஈக்விட்டித் திட்டங்களுக்கு முதல் 500 கோடிக்கு 2.25 சதவீதமும், 50,000 கோடிக்கு மேற்பட்ட பகுதிக்கு 1.05 சதவீதமும் உச்சவரம்பு. அதற்குப் பிறகும் செபி இதைத் திருத்தியிருக்கிறது. 2013 ஜனவரி முதல் டைரக்ட் பிளான் இருக்கிறது, அதில் ஏஜென்ட் கமிஷன் இல்லை. மாதம் 10,000 ரூபாய், 20 ஆண்டு, போட்டது 24 லட்சம். 12 சதவீதம் கிடைத்தால் சுமார் 99.9 லட்சம், 11 சதவீதம் கிடைத்தால் 87.4 லட்சம். ஒரு சதவீதத்தின் விலை பன்னிரண்டரை லட்சம். நல்ல ஆலோசகர் வீழ்ச்சியில் பதறி விற்காமல் உங்களைப் பிடித்து நிறுத்துகிறார் என்றால் அந்தக் கமிஷன் நியாயம்தான். படிவம் நிரப்பிக் கொடுத்ததோடு சரி என்றால் யோசிக்கலாம்.

கம்பெனித் தீர்மானங்களில் யூனிட்தாரருக்கு ஓட்டு இல்லை. திட்டத்தையே மூடுவதென்றால் உண்டு. திட்டத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றினால், வெளியேறும் கட்டணம் இல்லாமல் போக 30 நாள் கொடுத்துக் கடிதம் அனுப்புவார்கள். அந்தக் கடிதம் விளம்பர மின்னஞ்சல் மாதிரியே இருக்கும், திறந்து படியுங்கள்.